பாதத்தில் அடிபட்டு ரத்தம் கட்டிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறோம். கையில் இருந்து நழுவிய கனமான பொருள் புறங்காலில் விழுகிறது. வெறுங்காலோடு ஓடும்போது கூரான கல்லை மிதித்துவிடுகிறோம். அடிபட்டதும் எல்லாரும் பார்ப்பது நிறத்தைத்தான். கருநீலமாகிவிட்டால் பயந்துபோகிறோம், நிறம் மாறவில்லையென்றால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். நிறம் இரண்டு வகையிலும் ஏமாற்றும். எந்த இடத்தில் வலிக்கிறது, அந்தக் காலை ஊன்றி நாலு அடி வைக்க முடிகிறதா என்ற இரண்டையும் கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

ரத்தக்கட்டு என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

அடி விழுந்த வேகத்தில் தோல் கிழிவதில்லை. தோலுக்கு அடியில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. ரத்தம் வெளியே வர வழியில்லாமல் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து தேங்கிவிடுகிறது. அதனால்தான் இதை ஊமைக்காயம் என்றும் சொல்கிறோம்.

பாதத்தில் இது அதிகமாக வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் புறங்காலை விரலால் தடவிப் பாருங்கள், எலும்பு நேராகத் தட்டுப்படும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக எதுவும் இல்லை. தொடையில் விழும் அடியைச் சதை வாங்கிக்கொள்கிறது. புறங்காலில் விழும் அடியை எலும்புதான் வாங்க வேண்டும். ஒரு பாதத்துக்குள் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் நார்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் விலகி இடம் கொடுக்க அங்கே வழியில்லை.

நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக்கொண்டே போகிறது. உள்ளே சீழ் பிடித்துவிட்டதா?

இல்லை, அது ஆறுகிற வழி. தேங்கிய ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை உடல் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அப்புறப்படுத்துகிறது. முதலில் சிவப்பு. ஓரிரு நாளில் ஆக்சிஜனை இழந்து நீலமும் ஊதாவுமாகிறது. பிறகு பிலிவெர்டின் என்ற பொருளாக மாறும்போது பச்சை. அது பிலிரூபினாக மாறும்போது மஞ்சள். மிஞ்சும் இரும்புச்சத்து சில நாள் பழுப்பாகத் தெரிந்து மறையும். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் அதே பிலிரூபின்தான் இது. ஆனால் இங்கே அது அடிபட்ட இடத்தில் மட்டும் உண்டாகிறது, கவலைப்பட ஒன்றுமில்லை.

நிறத்தை வைத்து அடிபட்டு இத்தனை நாளாயிற்று என்று துல்லியமாகச் சொல்ல மருத்துவர்களாலும் முடியாது. இன்னொன்று, மாநிறமோ கருநிறமோ உள்ளவர்களுக்கு இந்த நிறங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தோல் சற்றே கூடுதலாகக் கருத்தது போல இருக்கும், அவ்வளவுதான். அப்போது கண்ணைவிடக் கையை நம்புங்கள். இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீக்கத்தையும் சூட்டையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிபட்டது கணுக்காலில். ஆனால் விரல்கள் கருத்திருக்கின்றனவே?

தண்ணீர் போல ரத்தமும் பள்ளத்தை நோக்கி இறங்கும். நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தால் கணுக்காலில் கசிந்த ரத்தம் மறுநாள் குதிகாலின் ஓரத்திலும் விரல் இடுக்குகளிலும் தெரியும். அந்த விரல்களை அழுத்திப் பாருங்கள். வலியில்லையென்றால் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெறும் ரத்தக்கட்டா, எலும்பு முறிவா? வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

முழு நிச்சயமாக வீட்டில் சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களே பயன்படுத்தும் எளிய விதி ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் 1992-இல் உருவானதால் அதற்கு ஒட்டாவா விதி என்றே பெயர். அதில் பாதத்துக்கு உரிய பகுதி இது. நடுப்பாதத்தில் வலி இருந்து, கீழே சொல்லும் மூன்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

முதலாவது, பாதத்தின் வெளி விளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் ஏறக்குறைய நடுவில் ஒரு எலும்பு மேடு இருக்கும். விரலை ஓட்டினால் தட்டுப்படும். அதை அழுத்தும்போது வலி. இரண்டாவது, பாதத்தின் உள்பக்கம் கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே, முன்னால் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தும்போது வலி. மூன்றாவது, அடிபட்ட உடனேயும் முடியவில்லை, மருத்துவரிடம் காட்டும்போதும் முடியவில்லை, எடையை ஊன்றி நாலு அடி வைக்கவே இயலவில்லை என்ற நிலை. நொண்டினாலும் பரவாயில்லை, நாலு அடி வைத்தால் வைத்ததுதான் கணக்கு.

வலி எங்கே என்று கேட்டால் பாதம் முழுவதும் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். அவசரப்படாமல் ஒரே விரல் நுனியால் ஒவ்வோர் எலும்பாக அழுத்திக்கொண்டே போங்கள். ரத்தக்கட்டு மட்டும் என்றால் வலி பரவலாக, மந்தமாக இருக்கும். ஒரு காசு அளவு இடத்தில் தொட்டதும் துள்ள வைக்கிற வலி இருந்தால் அந்த எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். விரல் கோணிக்கொண்டு திரும்பியிருந்தாலோ, அடிபட்டபோது முறிந்த சத்தம் கேட்டிருந்தாலோ, இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

உணர்ச்சி மரத்துப்போன கால் உள்ளவர்களுக்கும் மது அருந்தியிருப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. வலியே தெரியாதவரிடம் வலியை வைத்துச் சோதித்துப் பயனில்லை.

விரலை அசைக்க முடிகிறது. அப்படியானால் உடையவில்லைதானே?

பலரும் நம்புகிற தவறான சோதனை இது. உடைந்த விரலையும் அசைக்கலாம். விரலை அசைக்கிற தசைகளில் முக்கியமானவை கெண்டைக்காலிலும் அதன் முன்புறத்திலும் இருக்கின்றன. நரம்பும் தசைநாணும் அறுபடாதவரை முறிந்த எலும்பு இருந்தாலும் விரல் ஆடும்.

உள்ளங்காலின் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது. கல்லை எதையும் மிதிக்கவில்லை. என்ன செய்வது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் காத்திருக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். படியில் காலைத் தப்பாக வைத்து, முன்பாதம் ஊன்றியபடி உடம்பு முறுக்கிக்கொண்டு விழுந்த பிறகு உள்ளங்காலின் வளைவில் கருநீலம் தெரிந்தால், நடுப்பாதத்து எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் அறுந்திருக்கலாம். இதை லிஸ்ஃப்ராங்க் காயம் என்கிறார்கள். ஜாக் லிஸ்ஃப்ராங்க் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது.

பார்வைக்குச் சுளுக்கு போலவே இருக்கும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காக இருப்பது போலத் தெரிந்து தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு. எடையை ஊன்றி நின்றபடி எடுத்தால்தான் முதல் இரண்டு நீள எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விலகியிருப்பது தெரியும். வலியால் முதல் நாள் நிற்க முடியவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அல்லது சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். "உள்ளங்காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, நின்றபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று நீங்களே கேட்கலாம், அதில் தவறே இல்லை. கவனிக்காமல் விட்டால் பாதத்தின் வளைவு சரிந்து, பல வருடம் நடுப்பாதத்து மூட்டுவலியோடு வாழ வேண்டி வரும்.

அடிபட்ட உடனே செய்ய வேண்டியது என்ன?

முதலில் செருப்பையோ ஷூவையோ கழற்றுங்கள். விரலில் மெட்டியோ மோதிரமோ இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் வீக்கம் ஏறிவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கிழிந்த இடத்தில் மண்ணோ அழுக்கோ பட்டிருந்து, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது காலை உயர்த்துவது. எல்லாரும் ஐஸைத்தான் தேடுகிறார்கள், என் கணக்கில் உயர்த்துவதுதான் அதைவிடப் பெரிய வைத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை வைத்தால் போதாது. படுத்து, பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி இரண்டு தலையணை அடுக்கி வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் முடிந்தபோதெல்லாம் இப்படிக் கிடங்கள்.

அப்புறம் கட்டு. கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கிக் கணுக்காலை நோக்கிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடட்டும். மேலிருந்து கீழே சுற்றினால் வீக்கம் விரல்களில் போய் மாட்டிக்கொள்ளும். விரல் நுனிகளை மூடாமல் விடுங்கள், அவைதான் நமக்குச் சேதி சொல்லும். கட்டி முடித்த பிறகு பெருவிரல் நகத்தை ஐந்து நொடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வரத் தாமதமானாலோ, விரல் ஜில்லென்று ஆனாலோ, மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருந்தாலோ கட்டு இறுக்கம், உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம். கால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறுக்கமான கட்டு போட வேண்டாம்.

ஐஸ் வைக்கலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அழற்சி என்பதே உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி, நீண்ட நேரக் குளிர்ச்சியும் முழு ஓய்வும் அதைத் தாமதப்படுத்தலாம் என்று பல வருடம் கழித்து அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். குழப்பம் அங்கிருந்து வந்ததுதான்.

நடைமுறையில் ஐஸை வலிநிவாரணியாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு நாளில் வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுக்கலாம். மறுபடி வைக்க இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, வைத்தபடி தூங்கவும் கூடாது. புறங்காலில் தோல் மெல்லியது, பனிப்புண் சீக்கிரம் வரும். கால் மரத்திருக்கும் நீரிழிவுக்காரர்கள் ஐஸ் பக்கமே போக வேண்டாம்.

வெந்நீர் ஒத்தடம்? நீவி விடுவது?

முதல் இரண்டு மூன்று நாள் இரண்டும் வேண்டாம். சூடு பட்டால் குழாய்கள் விரிந்து கசிவு கூடும். அழுத்தி நீவினால் அடைந்துகொண்டிருக்கும் குழாய்கள் மறுபடி திறக்கும், அடியில் விரிசல் இருந்தால் விலகவும் செய்யும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கம் வடியத் தொடங்கியிருந்தால் மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். புறங்கையால் தொட்டுப் பார்த்துத் தாங்குகிற சூடு போதும். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு விரலிலிருந்து முழங்காலை நோக்கி மெதுவாகத் தடவிவிடலாம்.

என்ன மாத்திரை போடலாம்?

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 முதல் 1000 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் மொத்தம் 4000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் மது அருந்துகிறவர்களுக்கும் இந்த அளவே அதிகம், மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும். சளி, காய்ச்சல் மாத்திரை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று அட்டையைப் படியுங்கள். இப்யூபுரூஃபன் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டைக்ளோஃபெனாக் களிம்பு தோல் கிழியாத இடத்தில் நல்ல பலன் தரும். வலிக்காக ஆஸ்பிரின் போடாதீர்கள், அது கசிவைக் கூட்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி விண் விண்ணென்று தெறிக்கிறது. ஊசியைக் காய்ச்சிக் குத்தி எடுக்கலாமா?

வீட்டில் வேண்டாம். நகத்துக்கும் அதன் படுகைக்கும் நடுவில் ரத்தம் சேரும்போது அது விரிய இடமில்லை, அதனால்தான் இதயத் துடிப்போடு சேர்ந்து தெறிக்கிறது. முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் போனால் மருத்துவர் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றுவார். சொட்டு ரத்தம் வந்த அடுத்த நொடி வலி சட்டென்று இறங்கும். அதையே வீட்டில் செய்தால் கிருமி உள்ளே போகும், அடியில் எலும்பு முறிந்திருந்தால் அது எலும்பு வரைக்கும் போகும். வலி பெரிதாக இல்லையென்றால் துளையும் தேவையில்லை.

எனக்கும் ஒருமுறை பெருவிரல் நகம் முழுக்கக் கருத்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நகம் வெட்டும்போது பார்த்தேன், நகம் முளைக்கும் வேர்ப்பக்கத்தில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளை விளிம்பு வந்திருந்தது. அந்தக் கறுப்பு பிறை பிறையாக முன்னால் நகர்ந்து, கடைசித் துண்டை நான் வெட்டி எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், முழுதாக மாற 12 முதல் 18 மாதம் பிடிக்கும். நடுவில் பழைய நகம் கழன்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பிய்த்து இழுக்காமல், தொங்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மூடி வையுங்கள்.

அந்த வெள்ளை விளிம்புக்காகக் காத்திருப்பது முக்கியம். ரத்தக்கட்டாக இருந்தால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். நகராமல் அங்கேயே நிற்கிற, அகலமாகிக்கொண்டே போகிற, நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுகிற கறுப்பு மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கக்கூடும். கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. பாடகர் பாப் மார்லியின் பெருவிரலில் இருந்ததைக் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1977-இல் அது மெலனோமா என்று தெரிந்தது, 1981-இல் 36 வயதில் அவர் இறந்தார். இது அரிதான நோய். ஆனால் அடிபட்ட நினைவே இல்லாமல் ஒரு நகம் கருத்திருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குதிகாலில் அடி. காலையில் முதல் அடி வைக்கவே முடியவில்லை.

குதிகால் எலும்புக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளில் கொழுப்பை அடைத்து வைத்த அமைப்பு அது. உயரத்திலிருந்து குதிப்பது, கடினமான தரையில் வெறுங்காலோடு ஓடுவது ஆகியவற்றால் அந்த மெத்தை நசுங்கும். நாம் ஒவ்வோர் அடியும் அதன் மேலேதான் வைக்கிறோம் என்பதால் ஆற வாரக்கணக்கில் ஆகும். மெத்தென்ற குதிகால் திண்டு, வீட்டுக்குள்ளும் செருப்பு, குறைவான நடை, இதுதான் வைத்தியம். வலி குதிகாலின் நட்டநடுவில் இருந்தால் மெத்தை அடிபட்டிருக்கிறது. சற்று முன்னால், உள்பக்கமாக இருந்து, நாலு அடி நடந்ததும் குறைந்தால் அது அடிபட்ட வலி அல்ல, உள்ளங்கால் நாரின் அழற்சி. அதற்கு வைத்தியம் வேறு.

ஏணியிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து குதிகால் வீங்கியிருந்தால் முதுகையும் சொல்லிச் சோதிக்கச் சொல்லுங்கள். அப்படிக் குதிகால் எலும்பு உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும். காலின் வலியில் முதுகு வலி மறைந்துபோகும்.

அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டலாமா?

கட்டலாம், சின்ன விரல்களுக்கு அது நல்ல வழி. இரண்டு விரலுக்கும் நடுவில் பஞ்சோ துணியோ வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வியர்வையில் தோல் ஊறி வெந்துவிடும். தினமும் அவிழ்த்து உலர்த்திக் கட்டுங்கள். பெருவிரல் என்றால் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டாம். நடக்கும்போது உடல் எடையைத் தள்ளிவிடுவது அந்த விரல்தான், அதில் முறிவு இருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும்?

தோலடி ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மறையும். பாதம் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதால் மூன்று வாரமும் ஆகலாம். விரல் எலும்பு முறிவுக்கு 4 முதல் 6 வாரம்.

நடுவில் இன்னொரு வகை இருக்கிறது, எலும்புக்குள்ளேயே ரத்தம் கட்டுவது. எலும்பு முறியவில்லை, ஆனால் அதன் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியில் நுண்ணிய விரிசல்கள் விழுந்து ரத்தமும் நீரும் கோத்திருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐ ஸ்கேனில் மட்டும் தெரியும். இது ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் வலிக்கும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லி மனம் நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வலி பொய் அல்ல. இரண்டு வாரத்தில் கொஞ்சமும் குறையாத வலிக்கு மறுபடி மருத்துவரைப் பாருங்கள். மயிரிழை விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் பத்துப் பதினான்கு நாள் கழித்துத் தெரிவதும் உண்டு.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எல்லாமே வேறு. வருடக்கணக்கில் சர்க்கரை கூடியிருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். என் அம்மாவுக்குப் புறங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. "வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "வலியா? ஒண்ணும் இல்லப்பா, செருப்புதான் பிடிக்குது" என்றார். கையை வைத்துப் பார்த்தபோது ஒரு பாதம் இன்னொன்றைவிட நன்றாகச் சுட்டது. எப்போது, எதில் இடித்துக்கொண்டார் என்பது அவருக்கே தெரியவில்லை. அன்றே கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே இரண்டு எலும்பில் முறிவு.

மரத்த காலில் வலியில்லாமல் சூடும் சிவப்பும் வீக்கமுமாக இருந்தால் அது சார்கோ பாதம் என்ற நிலையின் தொடக்கமாக இருக்கலாம். எலும்புகள் நொறுங்குவது தெரியாமல் மேலே மேலே நடந்து பாதத்தின் வடிவமே சிதைந்துவிடும். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் சின்ன ரத்தக்கட்டையும் ஓரிரு நாளுக்குள் காட்டிவிட வேண்டும், அதுவரை அந்தக் காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். சின்ன அடிக்கே பெரிதாகக் கட்டுகிறது.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின் போன்றவற்றால் அப்படி ஆகும். பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அதனால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். வீக்கம் மணிக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அடியே படவில்லை, ஆனால் அடிக்கடி கன்றிப்போகிறது.

வயதானவர்களுக்குத் தோல் மெலிவதால் ஏற்படலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தாலும் ஆகும். ஆனால் உடலில் வேறு இடங்களிலும் கன்றியிருந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், காலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் கொத்தாகத் தெரிந்தால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்கு அடிபட்டால்?

குழந்தைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். பெரியவர்களுக்குச் சுளுக்கு ஏற்படுத்தும் அடி குழந்தைக்கு அந்தத் தட்டில் முறிவை ஏற்படுத்தலாம். பேசத் தெரியாத குழந்தை காலை ஊன்ற மறுத்தால் அதுவே போதுமான அறிகுறி, காட்டிவிடுங்கள். 8 முதல் 14 வயதுக்குள் ஓடியாடும் பிள்ளை அடிபடாமலே குதிகால் வலி என்று சொன்னால் பெரும்பாலும் அது வளர்ச்சித் தட்டின் அழற்சி, ஓய்வில் சரியாகிவிடும்.

எந்த அறிகுறி வந்தால் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும்?

கனமான பொருள் விழுந்தோ சக்கரம் ஏறியோ பாதம் நசுங்கியபின், மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, பாதம் கல் போல இறுகுவது, விரலை யாராவது லேசாக மடக்கினாலே உயிர் போவது போல வலிப்பது, மரத்துப்போவது. பாதத்தின் தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்பதன் அடையாளங்கள் இவை. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்பது இங்கே கூடாது. விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் அப்படியே.

காய்ச்சலோடு சிவப்பு பரவிக்கொண்டே போவது கிருமித் தொற்று, அன்றே காட்ட வேண்டும். சில நாள் அசையாமல் படுத்திருந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அதுவும் அன்றே. கூடவே மூச்சுத் திணறல் இருந்தால் ஆம்புலன்ஸ்.

எப்போது வழக்கம் போல நடக்கலாம், ஓடலாம், வண்டி ஓட்டலாம்?

முறிவு இல்லை என்றால் ஓரிரு நாளுக்கு மேல் முழு ஓய்வு தேவையில்லை. வலி தாங்குகிற அளவுக்கு மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். அதற்கு முன்பே படுத்தபடி கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம், விரலால் காற்றில் எழுத்துகளை எழுதிப் பார்க்கலாம். முன்பக்கம் அகலமான, அடிப்பாகம் வளையாத ஷூ அணிந்தால் அடிபட்ட எலும்புகளுக்கு நல்ல ஓய்வு. மறுநாள் காலை வலியும் வீக்கமும் கூடியிருந்தால் நேற்று அதிகமாக நடந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள்.

ஓடுவதற்கு முன் அடிபட்ட ஒற்றைக்காலில் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். வலியில்லையா? சரி, அதே காலில் பத்து முறை குதியுங்கள். இரண்டும் முடிந்தால் மெதுவாக ஓடலாம். வண்டி ஓட்டுவதற்குச் சோதனை வேறு. நிற்கும் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை முழு பலத்தோடு, சட்டென்று மிதிக்க முடிகிறதா? வலியில் கால் ஒரு கணம் தயங்கினாலும் இன்னும் நேரம் வரவில்லை.

கைத்தடி வைத்துக்கொண்டால் அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். அநேகமாக எல்லாரும் அடிபட்ட பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், அப்போது உடம்பு அந்தக் காலின் மேலேயே சாய்கிறது. வலது பாதத்தில் அடி என்றால் இடது கையில் தடி. வலது காலும் தடியும் ஒன்றாக முன்னால் போக வேண்டும், இடது கால் பின்னால் வந்து சேர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் அடிபட்ட காலும் முதலில்.